முறியாத கால்

இல்லை மக்கா, ஷைனி தப்பாக வைக்கவில்லை. இதை முதலில் எழுதிவிடுகிறேன். மற்றதையெல்லாம் நீ படிக்காமல் மூடிவைத்தாலும் இந்த ஒரு வரி உன்னிடம் வந்து சேர வேண்டும். உன் வலது தொடை எலும்புக்குள் இருக்கும் கம்பி, இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது. இருக்க வேண்டிய நீளத்தில், இருக்க வேண்டிய திருப்பத்தில். அடுத்த வாரத்துக்கு நான் குறித்துவைத்த ஆபரேஷன் வேண்டாம். சேர்ந்த எலும்பை மறுபடி வெட்ட வேண்டியதில்லை. நீ டென்மார்க்குக்குப் போகலாம். கடலுக்குள் நட்டிருக்கும் அந்தக் காற்றாலைகளில் ஏறலாம். கம்பெனிக்கு இன்றைக்கே எழுது, சொன்ன தேதிக்கே வருகிறேன் என்று.

வியாழக்கிழமை ஆரல்வாய்மொழியிலிருந்து போன் செய்தாய். பின்னால் காற்றின் இரைச்சல். "அம்மா, ஷைனி அக்கா தப்பா வச்சிட்டாவளா?" என்று கேட்டாய். நேரில் சொல்கிறேன் என்றேன். சொல்ல மாட்டேன் என்று எனக்கு அப்போதே தெரியும். நேரில் நான் டாக்டர். வீட்டில், சமையலறையில், கையில் கரண்டியோடு நிற்கும்போதும் டாக்டர். எலும்பைப் பற்றி நான் எதைச் சொன்னாலும் நீ நம்புவாய். நான் சொன்னதை நம்பித்தானே காலைக் கொடுக்கச் சம்மதித்தாய். அதனால்தான் எழுதுகிறேன். எழுத்தில் என் முகம் உனக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது.

எங்கள் எலும்பு டாக்டர்கள் சங்கத்தின் ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை கேட்டிருந்தார்கள். நொறுங்கிய எலும்பை உள்ளே கம்பி செலுத்தி நிறுத்துவது எப்படி, படிக்கிற பிள்ளைகளுக்குப் புரியும்படி. உட்கார்ந்து முதல் வரி எழுதினேன். முறிந்த காலைத் தொடும் முன் முறியாத காலைப் பார். எத்தனையோ வருடங்களாக நான் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம் அது. எழுதிவிட்டுப் பார்த்தேன். அதற்கு மேல் கை ஓடவில்லை. தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் உன்னை மக்கா என்று அழைத்து எழுதத் தொடங்கினேன். மலருக்கும் இதையே கொடுக்கலாம் என்று தோன்றுகிறது. நீ சரி என்றால். ஷைனியும் சரி என்றால்.

உனக்கு என்ன செய்தாள் என்று உனக்கே முழுதாகத் தெரியாது. ராடு வைத்திருக்கிறது என்பாய், ஊரில் எல்லோரும் சொல்வதைப் போல. நீ தினமும் ஏறும் காற்றாலைக் கோபுரத்தை நினைத்துக்கொள். வெளியே ஓடு, உள்ளே காலியிடம். தொடை எலும்பும் அப்படி ஒரு குழாய். உள்ளே மஜ்ஜை. இடுப்புக்குப் பக்கத்தில் சிறியதாக ஒரு கீறல் போட்டு, எலும்பின் உச்சியில் துளையிட்டு, மெல்லிய ஒரு கம்பியை முதலில் இறக்குவோம். அது முறிவைத் தாண்டிக் கீழ்த்துண்டுக்குள் நுழைய வேண்டும். அதைப் பிடித்துக்கொண்டு உட்பக்கத்தைக் கொஞ்சம் கடைந்து அகலப்படுத்தி, பிறகு பெரிய கம்பி. மேலே ஸ்க்ரூ, கீழே ஸ்க்ரூ. உடைந்த இடத்தைத் திறப்பதே இல்லை. சிதறிய துண்டுகள் சதையோடும் இரத்தத்தோடும் கிடக்கும். அவற்றைத் தொடாமல் விட்டால் தாமாகச் சேரும். தொடாமல் இருப்பதுதான் இதில் கடினம்.

ஒரே இடத்தில் நேராக முறிந்த எலும்பு என்றால் இரண்டு விளிம்பும் ஒன்றோடொன்று பொருந்தும். எந்தத் திருப்பத்தில் சேர வேண்டும் என்று எலும்பே சொல்லும். உனக்கு நடுப்பகுதி பொடிந்துபோயிருந்தது. கோபுரத்தின் நடுத்துண்டே இல்லாமல் மேல்துண்டையும் கீழ்த்துண்டையும் நிறுத்துவது போல. பொருத்திப் பார்க்க விளிம்பு இல்லை. பாதம் உள்நோக்கித் திரும்பலாம், வெளிநோக்கித் திரும்பலாம், எப்படி வைத்தாலும் கம்பி ஏற்றுக்கொள்ளும். தப்பு வெளியே தெரிய மாதங்கள் ஆகும், நோயாளி எழுந்து நடக்கும்போது. எனவே அளவுக்கு இருப்பது மற்ற கால் மட்டும். முதலில் அந்தக் காலின் முழங்கால் சில்லை நேராக மேலே பார்க்க வைத்து, எலும்பின் மேற்பகுதியில் உட்புறமாக இருக்கும் ஒரு முண்டு திரையில் எந்த அளவுக்குத் தெரிகிறது என்று படம் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு முறிந்த காலில் அதே முண்டு அதே அளவுக்குத் தெரியும்படி திருப்பிப் பூட்ட வேண்டும். அவ்வளவுதான். இதை மறந்த ஒரு பையனை ஒருமுறை ஆபரேஷன் தியேட்டரை விட்டே வெளியே போகச் சொல்லியிருக்கிறேன்.

போன வருடம், ஆடிக் காற்று. முப்பந்தல் பக்கம் உன் பைக்கைக் காற்று தூக்கி நடுத்திட்டில் அடித்தது. உன்னோடு வேலை செய்பவர்கள் உன்னை நாகர்கோவிலுக்குக் கொண்டுபோனார்கள். ஷைனி இருக்கும் ஆஸ்பத்திரி பக்கம் என்பதால். நான் அந்த நேரம் மார்த்தாண்டத்தில் வேறு யாருடைய இடுப்பையோ சரிசெய்துகொண்டிருந்தேன். நான் வந்து சேர்ந்தபோது உன்னை மேசையில் கிடத்தியிருந்தார்கள். எக்ஸ்ரேயைப் பார்த்தேன். எனக்கு முதலில் வந்தது அழுகை அல்ல. இதை நான்தான் செய்ய வேண்டும் என்ற ஆசை. உண்மையைச் சொல்கிறேன், ஆசை. நான் கை கழுவப் போனேன். ஷைனி குறுக்கே வந்து நின்றாள். என்னிடம் படித்த பெண். டிரில்லைப் பிடிக்கும்போது மூச்சை எங்கே நிறுத்த வேண்டும் என்று என் பக்கத்தில் நின்று கற்றவள்.

"மேடம், நீங்க வெளிய இருங்கோ. சொந்த இரத்தத்தில கை வைக்கப்பிடாதுன்னு நீங்கதான எனக்குச் சொல்லித் தந்திய."

கூடமாட நிற்கிறேன், அவ்வளவுதான் என்றேன்.

"அதும் வேண்டாம் மேடம். நீங்க நின்னா நான் உங்களப் பாப்பேன். அவனுக்க காலப் பாக்கமாட்டேன்."

வெளியே போனேன். கதவில் ஒரு சின்னக் கண்ணாடி. அதன் வழியாக சி-ஆர்ம் எக்ஸ்ரே கருவியின் திரை தெரிந்தது. சாம்பல் நிறத்தில் ஒரு எலும்பு திரையில் வந்தது. முழுசான, வழவழப்பான, ஒரு கீறல் இல்லாத எலும்பு. நான் கண்ணாடியைத் தட்டினேன். அது இடது கால், அது இடது கால் என்று உள்ளே இருப்பவர்களுக்குக் கேட்கும்படி கத்தினேன். மயக்க மருந்து டாக்டர் திரும்பிப் பார்த்தார். நர்ஸ் திரும்பிப் பார்த்தாள். ஷைனி திரும்பவில்லை. படத்தைச் சேமித்துவிட்டு, கருவியை வலது காலுக்கு நகர்த்தச் சொன்னாள். நான் சொல்லிக்கொடுத்த முதல் பாடத்தை அவள் செய்துகொண்டிருந்தாள். அது என்ன என்றே எனக்குப் புரியவில்லை. ஆஸ்பத்திரியில் இதை இன்றும் சிரிப்பாகச் சொல்கிறார்களாம். ஷைனி சொல்வதில்லை. அவள் சொல்லாமல் இருப்பதும் எனக்கு எரிகிறது.

கடைசியில் கீழ் ஸ்க்ரூ. கம்பியில் துளை இருக்கும், ஆனால் அது சதைக்கும் எலும்புக்கும் உள்ளே. திரையை மட்டும் பார்த்து வெளியிலிருந்து அந்தத் துளையைப் பிடிக்க வேண்டும். கருவியை நகர்த்தி நகர்த்தி, முட்டை வடிவில் தெரியும் துளை முழு வட்டமாகும் வரை காத்திருந்து, வட்டத்தின் நடுவில் டிரில்லின் முனையை வைத்து நேராக இறங்க வேண்டும். ஒரு காலத்தில் இதில் என்னை மிஞ்ச இந்த ஜில்லாவில் ஆள் இல்லை என்று நினைத்திருந்தேன். இப்போது கண்ணாடி போட்டுக்கொண்டு பார்க்கிறேன். கட்டைவிரல் மூட்டு காலையில் மடங்குவதில்லை. ஒன்றுக்கு நாலு படம் எடுக்கச் சொல்கிறேன். டெக்னீஷியன் பையன் கருவியை எனக்குப் புரியாத ஒரு பொறுமையோடு நகர்த்துகிறான். ஷைனி வட்டத்தைக் கண்டதும் இறங்கினாள். ஒரே முறை. உள்ளே போய்விட்டது. நான் கண்ணாடிக்கு வெளியே நின்று அதைப் பார்த்தேன். நன்றி என்று நினைக்க வேண்டிய இடம். என் பிள்ளையின் எலும்புக்குள் அவள் கை போயிருக்கிறது, என் கை போகவில்லை. இதுதான் நினைத்தேன்.

நீ என் வயிற்றில் இருந்தபோது உன் தொடை எலும்பைத்தான் ஸ்கேனில் அளந்தார்கள். பிள்ளையின் வளர்ச்சியை அதை வைத்துத்தான் பார்ப்பது. திரையில் ஒரு சிறு வெள்ளைக் கோடு. அந்தக் கோடு என்னுடையது என்று நினைத்திருந்தேன். அதன் உள்ளே இப்போது இன்னொருத்தி செய்த வேலை இருக்கிறது. அந்தக் கம்பி மீதே பொறாமைப்பட்டிருக்கிறேன் மக்கா. டைட்டானியம். உன் மஜ்ஜையோடு ஒட்டி, உன் சூட்டில், நீ தூங்கும்போதும் நடக்கும்போதும் உள்ளே இருப்பது. ஒரு உலோகத்தின் மீது. எழுதிப் பார்த்தால் சிரிப்பு வருகிறது. அப்போது வரவில்லை.

பிறகு நடந்ததெல்லாம் சின்னச் சின்ன விஷயங்கள். உனக்கு அவை நினைவிருக்காது. எனக்கு ஒன்றுவிடாமல் இருக்கிறது. வார்டில் நீ படுத்திருந்தபோது ஷைனியின் அம்மா குளச்சலிலிருந்து மீனைப் புளியும் மிளகாயுமாக வைத்துக் கொடுத்தனுப்பினார். நீ ஒரு வாய் வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னாய்: "அம்மா, நீ வைக்கியது மீன்குழம்பு. இதுதான் புளிமுளம்." அப்பா சிரித்தார். ஷைனியும் சிரித்தாள். நானும் சிரித்தேன், தட்டை எடுத்துக் கழுவப் போகும்வரை. நீ ஊன்றுகோலோடு நடக்கத் தொடங்கியதும் அந்த வீடியோவை அவளுக்கு அனுப்பினாய். எனக்கு அனுப்பவில்லை. நான் அதே அறையில் நின்றிருந்தேன், எனக்கு எதற்கு அனுப்ப வேண்டும். ஆனாலும். முதன்முதலாகத் திரும்பக் கோபுரம் ஏறிய நாளில், பஸ்ஸில் வரும் வழியில் தோவாளையில் இறங்கி ஒரு பொதி பிச்சிப்பூ வாங்கினாய். ஷைனி அக்காவுக்கு. அவள் ஓ.பி. அறையிலேயே பொதியைப் பிரித்து, பாதியைக் கிள்ளி என் கையில் வைத்தாள். அந்தப் பாதியை நான் தலையில் வைக்கவில்லை. கைப்பையில் போட்டேன். அது அங்கேயே கிடந்து கறுத்தது. சீப்பு எடுக்கும்போதெல்லாம் விரலில் பட்டது. தூக்கிப் போடவும் இல்லை.

பொறாமை என்று அப்போது நான் அதற்குப் பெயர் வைக்கவில்லை. கவனம் என்று வைத்திருந்தேன். தாய்க்கும் டாக்டருக்கும் இருக்க வேண்டிய கவனம். நீ நடக்கும்போதெல்லாம் பின்னால் நின்று பார்த்தேன். எதையோ தேடினேன். நல்லபடியாக நடக்கிறானா என்று பார்க்கவில்லை. எங்கே கோணுகிறது என்று பார்த்தேன். தேடினால் கிடைக்கும். இடுப்புத் தசை இன்னும் முழுப் பலத்துக்கு வராததால் வலது பக்கம் கொஞ்சம் சாய்ந்து நடந்தாய். அந்தச் சாய்வில் வலது பாதம் வெளிப்பக்கமாகத் திரும்பித் தெரிந்தது. கண்டேன். கண்டுவிட்டேன் என்று உள்ளே ஒன்று துள்ளியது. மகனுடைய கால் கோணலாக இருப்பதைக் கண்டு துள்ளிய மனசு. அதை இதைவிட நல்ல வார்த்தையில் எழுத வரவில்லை.

ஆனாலும் உடனே சொல்லவில்லை. கையில் வைத்திருந்தேன். டென்மார்க் வேலைக்கு உடல்தகுதிச் சான்று கேட்டார்கள் அல்லவா. நான் பேனாவை எடுத்தேன். நீ, "இல்லம்மா, ஆப்பரேஷன் செஞ்சது ஷைனி அக்காதானே, அவியளே போட்டாத்தான் செரியா இருக்கும்" என்றாய். நியாயமான பேச்சு. அவள் கையெழுத்துப் போட்டாள். அன்று சாயங்காலமே உன்னைக் கட்டிலில் படுக்கச் சொன்னேன். வலது காலை மட்டும் பிடித்துப் பார்த்தேன். மறுநாள் எக்ஸ்ரே எடுத்தோம், அதுவும் வலது தொடை மட்டும். இடது காலை நான் தொடவே இல்லை. பிறகு சொன்னேன். "விரலு வெளிய பாக்குது மக்கா. திருப்பி வச்சுப் பூட்டியிருக்கா. இப்பிடியே ஏறி இறங்கினா நாளைக்கு முட்டு தேயும்." உன் முகம் போன போக்கு எனக்குத் தெரிந்தது. என்ன செய்யணும் என்று கேட்டாய். எலும்பை வெட்டித் திருப்பி மறுபடி கம்பி வைக்க வேண்டும் என்றேன். யார் செய்வார்கள் என்று கேட்டாய். நான் செய்கிறேன் என்றேன்.

அந்தச் சொல் என் வாயிலிருந்து எவ்வளவு லேசாக வந்தது. சொந்த இரத்தத்தில் கை வைக்கக்கூடாது என்று ஊருக்கெல்லாம் சொன்னவள். தேதி குறித்தேன். எங்கள் தியேட்டர் பலகையில் என் கையாலேயே உன் பெயரை எழுதினேன். வீட்டுக்கு வந்து உளுந்தஞ்சோறு வைத்தேன். அப்பா, என்ன விசேஷம் என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். சந்தோஷமாக இருந்தேன் மக்கா. நீ ஷைனியின் போனை எடுப்பதை நிறுத்தினாய். அதுவும் எனக்குச் சந்தோஷம். அவள் என்னைக் கூப்பிட்டாள். "மேடம், தம்பி போன் எடுக்கமாட்டேங்கான். என்னமாச்சும் வருத்தமா?" புறப்படுகிற அலைச்சல் என்றேன். குரல் மாறாமல் சொன்னேன். அவள், குளிர்நாட்டுக்குப் போகிறவன், முட்டுக்கு உறை வாங்கிவைத்திருக்கிறேன், வந்து எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்றாள்.

போன ஞாயிறு வந்தாய். சபை ஆராதனைக்குப் போகும் முன் குளித்துவிட்டு, தலையைக்கூட ஒழுங்காகத் துவட்டாமல், ஈரக்காலோடு கூடத்தைத் தாண்டி உன் அறைக்குப் போனாய். அப்பா பேப்பரை இறக்கிவிட்டுக் கத்தினார்: "லேய், வீடெல்லாம் வெள்ளம். காலத் தொடச்சிட்டு நடக்கப்பிடாதா?" நான் துடைக்கத் துணி எடுத்துக்கொண்டு குனிந்தேன். சிவப்புச் சிமென்ட் தரையில் உன் பாதங்கள். வலது வெளிப்பக்கமாகத் திரும்பியிருந்தது. இடதும் திரும்பியிருந்தது. முறியாத கால். கம்பி இல்லாத, ஷைனி தொடாத, நான் பெற்ற அதே கால். வலது எவ்வளவோ அவ்வளவு. துணியோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். தடம் ஓரத்திலிருந்து காயத் தொடங்கியது. நான் துடைக்கவில்லை.

அப்பா பக்கத்தில் வந்து நின்று பார்த்தார். விஷயம் என்ன என்று அவருக்குச் சொன்னேன். அவர் தன் செருப்பைக் கழற்றிவிட்டு, நீ சிந்திய தண்ணீரில் மிதித்து, உன் தடத்துக்குப் பக்கத்தில் நடந்து காட்டினார். கல்லூரியில் கணக்கு நடத்திய மனுஷன், நிரூபித்துக் காட்டுகிற முகத்தோடு. அதே திருப்பம். இரண்டு காலிலும். உங்கள் கால் எப்போதும் இப்படித்தானா என்று கேட்டேன்.

"ஏட்டி, கல்யாணத்தில இருந்து எனக்க காலு இப்பிடித்தான் கெடக்கு. ஊர்ல உள்ளவனுக்க எலும்பெல்லாம் பாத்தா, மாப்பிளைக்க காலப் பாக்க நேரம் ஏது?" பிறகு கொஞ்சம் தணிந்து, நான் கேட்காமலே சொன்னார். "உனக்கு அந்த ஷைனிப் பிள்ளை மேல பொறாம, கண்ணுகடி. அவன் வந்து வீட்டில படுத்த நாள்ல இருந்தே பாக்கியேன்."

உன்னைக் கூப்பிட்டுக் கட்டிலில் குப்புறப் படுக்கச் சொன்னேன். ஆபரேஷனுக்கான அளவு என்று நீ நினைத்தாய். இரண்டு முழங்காலையும் மடக்கி, இரண்டு காலையும் உள்ளே வெளியே சாய்த்துப் பார்த்தேன். முதல் தடவையாக இரண்டையும். ஒன்றுக்கொன்று மயிரிழை வித்தியாசம் இல்லை. அவ்வளவு நொறுங்கிய எலும்பில், விளிம்பே இல்லாத இடத்தில், அவள் உன் அப்பாவின் நடையை அப்படியே திருப்பி வைத்திருக்கிறாள். அவளுக்கு அது யாருடைய நடை என்று தெரியாது. இடது காலைப் பார்த்தாள், அவ்வளவுதான். நீ நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கும் எனக்கு அது தெரியவில்லை. எப்படி இருக்கு என்று தலையைத் தூக்காமலே கேட்டாய். பாக்கலாம், எழும்பு என்றேன்.

இந்த இடம்தான் மக்கா. இதற்கு முன்னால் நடந்ததைத் தெரியாமல் செய்ததில் சேர்க்கலாம். அந்தக் கட்டிலுக்குப் பிறகு எனக்குத் தெரியும். தெரிந்தும் சபைக்கு உன் பக்கத்தில் உட்கார்ந்து வந்தேன், உட்கார்ந்து பாடினேன், சாப்பாடு போட்டேன், உன்னை பஸ் ஏற்றிவிட்டேன். பலகையில் உன் பெயர் இருந்தது. அதை அழிக்க மனம் வரவில்லை. காலைக் கோணலாக்கவா போகிறேன், பார்த்துச் செய்வேன், கொஞ்சம் உள்ளே திருப்பினால் நடை இன்னும் அழகாகத்தானே இருக்கும் என்றெல்லாம் உள்ளே ஒருத்தி பேசிக்கொண்டே இருந்தாள். நல்ல குரல். படித்த குரல். நோயாளியின் வீட்டாரிடம் நான் பேசும் அதே குரல். வியாழக்கிழமை நீ கேட்டபோதும் அவள்தான் நேரில் சொல்கிறேன் என்றாள். அப்பாவும் உன்னிடம் இதைச் சொல்லவில்லை. நான் அப்படிச் செய்யமாட்டேன் என்று நினைத்திருப்பார். எனக்கு அந்த நம்பிக்கை இருக்கவில்லை.

புறப்படும் பிள்ளைக்குத் தாய் புத்தி சொல்ல வேண்டும். என்னிடம் இருப்பது கொஞ்சம். கம்பியை எடுக்காதே. தொந்தரவு இல்லாதவரை அது உள்ளேயே இருக்கட்டும். குளிர் அதிகமான நாளில் தொடை விண்ணென்று தெறிக்கும், பயப்படாதே. ஏர்போர்ட்டில் கருவி கூவினால் தொடையைத் தட்டிக் காட்டு. ஏணியில் எப்போதும் செய்வதுபோல முதல் அடியை எந்தக் காலில் வேண்டுமானாலும் எடு, இரண்டும் ஒன்றுதான். வலி வந்தால் ஷைனியைக் கூப்பிடு. முதலில் என்னை அல்ல, ஷைனியை. இதை எழுதும்போது பேனா நின்றது. எழுதிவிட்டேன்.

இன்னொன்று. நீ செய்யும் வேலையை உன்னைவிட நன்றாகச் செய்யும் ஒருவன் ஒருநாள் உன் பக்கத்தில் வந்து நிற்பான். நீயே ஏணி பிடித்து ஏற்றிவிட்டவனாகவும் இருப்பான். அவன் பூட்டிய போல்ட்டை நீ மறுபடி போய்ப் பார்ப்பாய். கழன்றிருக்காதா என்று. பாதுகாப்புக்காகப் பார்க்கிறேன் என்று உன்னிடமே சொல்லிக்கொள்வாய். அந்த நேரத்தில் யாரையாவது பக்கத்தில் வைத்துக்கொள். உன் அப்பாவைப் போல, உன் முகத்துக்கு நேராகச் சொல்லிவிடக்கூடிய யாரையாவது. அந்தப் பொறாமை போய்விடும் என்று நான் எழுதப்போவதில்லை. எனக்குப் போகவில்லை. இதை எழுதும் இந்த நிமிடத்திலும் அந்த ஒரே முறை இறங்கிய டிரில்லை நினைத்தால் வயிறு எரிகிறது. எரிந்துகொண்டே இருக்கட்டும். உன் காலை அதற்குக் கொடுக்க முடியாது.

என் மேல் கோபப்படு. எத்தனை நாள் வேண்டுமானாலும். ஆனால் ஷைனியின் போனை எடு. அவள் ஒன்றும் தெரியாமல் முட்டு உறையை மேசைமேல் வைத்துக் காத்திருக்கிறாள். நீ பேசுவதற்கு முன்னால் நான் அவளிடம் பேசியிருக்க வேண்டும். அதனால் நாளை அவளிடம் இதைக் காட்டிவிட்டுத்தான் உனக்கு அனுப்புவேன்.

இந்தக் கடைசிப் பத்தியை அவளைப் பார்த்துவிட்டு வந்து சேர்க்கிறேன். மறுநாள் காலை, இதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு முதலில் எங்கள் தியேட்டருக்குப் போனேன். பலகையில் உன் பெயரைத் துணியால் அழித்தேன். நாகர்கோவில் பஸ் ஏறினேன். ஷைனியின் ஓ.பி. வாசலில் இருந்த பெண் என்னை அறிந்து எழுந்து, "மேடம், நீங்க நேரா உள்ள போங்கோ" என்றாள். வேண்டாம் என்று டோக்கன் எடுத்துக்கொண்டு, மாவுக்கட்டுப் போட்ட கிழவர் ஒருவருக்கும் ஊன்றுகோல் வைத்திருந்த பெண்ணுக்கும் நடுவில் உட்கார்ந்தேன். என் முறை வந்ததும் உள்ளே போய்க் கடிதத்தை அவள் மேசைமேல் வைத்தேன்.